பெப்டைடு கெட்டுப்போகவில்லை, உப்புதான் காரணம்

உங்கள் பீட்டா டிஃபென்சின்-2 (பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு, அதாவது சிறு புரதம்) கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெட்டுப்போகவில்லை; கரைசலில் உள்ள உப்புதான் அதை முடக்குகிறது. 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) ஈ.கோலை பாக்டீரியாவைக் கொன்ற அதே குப்பி உப்புக்கரைசலில் ஒன்றும் செய்யவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புதுக் குப்பி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

மூச்சுக்குழாய்ச் செல்கள் சுரக்கும் இந்தப் பெப்டைடு நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் எதிர்மின் சவ்வில் முதலில் ஒட்டியாக வேண்டும். 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் அந்த ஈர்ப்பு மங்கிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் மோசம். சில மில்லிமோலாரே போதும்.

சோதித்துப் பார்க்க:

1. அதே பஃபரில் உப்பை 0, 50, 100, 150 மில்லிமோலார் என ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெப்டைடு போடாத கன்ட்ரோல் (ஒப்பீட்டு மாதிரி) கட்டாயம். பெப்டைடு போட்டதில் பிழைத்த பாக்டீரியாக் காலனிகள் உப்போடு படிப்படியாகக் கூடினால் சந்தேகம் தீர்ந்தது.

2. பக்கத்திலேயே, ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பத்துப் பீட்டா டிஃபென்சின்-3 வைத்தும் சோதனையை ஓட்டுங்கள். அது உப்பை நன்றாகவே தாங்கும்.

நீங்கள் பயன்படுத்துவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டு என்றால் பாலிப்ரொப்பிலீன் தட்டுக்கு மாறுங்கள். இவ்வகைப் பெப்டைடுகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும், பலர் கவனிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: இதை வைத்து "நுரையீரலில் டிஃபென்சின்-2 பயனற்றது" என்று எழுதிவிடாதீர்கள். அங்கே லைசோசைம், லாக்டோஃபெரின், எல்எல்-37 போன்ற மற்ற கிருமிக்கொல்லிப் புரதங்களும் பெப்டைடுகளும் எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. அடுத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை எடுப்பதாகச் சொன்னீர்கள். உப்பே இல்லாவிட்டாலும் அதனிடம் டிஃபென்சின்-2 பலவீனம்தான்.