வாசகர் கேள்வி – பதில்: கப்பல் பட்டியலில் ஊர் இருக்காது

கேள்வி: எங்கள் மருமகள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர். முன்னோர் 1750 வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். குடும்பப் பெயர் ஸ்னைடர். எந்த ஊர் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. பேரனுக்காக இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதிவைக்க ஆசை. கப்பல் பட்டியலைத் திறந்தால் ஏகப்பட்ட ஸ்னைடர்கள். நம்மவரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, காட்பாடி

பதில்: கப்பல் பட்டியலை இப்போதைக்கு மூடிவையுங்கள். கடைசியில்தான் அது உதவும். முதலில் எடுத்தால் குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும். 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானியர்களிடம் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் வாங்கினார்கள். அதற்காக எழுதியவையே அந்தப் பட்டியல்கள். 16 வயது நிரம்பிய ஆண்கள்தான் அதில் வருவார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பெரும்பாலும் காண முடியாது. கப்பலின் பெயர், கேப்டன் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் இருக்கும். சொந்த ஊர் மட்டும் அநேகமாக இருக்காது.

ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை உண்டு. ஒன்று கேப்டன் கொடுத்தது. காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் சிதைந்திருக்கும். மற்ற இரண்டும் பிரமாணம் எடுத்தவர்களின் கையெழுத்துகள். எழுதத் தெரியாதவர் குறி போட, பெயரைக் குமாஸ்தா எழுதியிருப்பார். உங்கள் ஸ்னைடர் தானே கையெழுத்துப் போட்டவர் என்றால், பிற்காலத்தில் அவர் எழுதிய உயிலின் கையெழுத்தோடு அதை ஒப்பிடலாம். மூல உயிலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். உயில் பதிவேட்டில் இருப்பது குமாஸ்தாவின் நகல். ஒப்பிட அது பயன்படாது.

ஊரைத் தேட வேண்டிய இடம் முதலில் அமெரிக்காதான். சம்பந்தியிலிருந்து தொடங்கி, ஒரு தலைமுறைகூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு பின்னே போங்கள். நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளின் எல்லைகள் மாறியதைக் கவனிக்க வேண்டும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்ததையும், 2019-இல் வேலூர் மூன்றானதையும் பார்த்த நமக்கு இது புதிதல்ல. லங்காஸ்டர் கவுண்டி 1729-இல் செஸ்டரிலிருந்து பிரிந்தது. பெர்க்ஸ் 1752-இல்தான் உருவானது. பெர்க்ஸில் வாழ்ந்தவரின் 1745-ஆம் ஆண்டுப் பத்திரத்தை பிலடெல்பியாவிலோ லங்காஸ்டரிலோ தேட வேண்டியிருக்கும்.

நில ஆவணங்கள் மூன்று படிகளாக இருக்கும்: நிலம் கேட்டுப் பெற்ற ஆணை, சர்வே, கடைசியில் பட்டா. ஹாரிஸ்பர்க்கிலுள்ள மாநில ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சர்வே வரைபடத்தில் நான்கு பக்கத்து நிலக்காரர்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கப்பலேறி, பக்கத்துப் பக்கத்தில் குடியேறுவது வழக்கம். அண்டை வீட்டுக்காரரின் சொந்த ஊர் தெரிந்தால், உங்களவர் ஊரும் அங்கேயோ சுற்று வட்டாரத்திலோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்களின் பெயரும் இதே போலப் பயன்படும்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது திருச்சபைப் பதிவேடுதான். லுத்தரன், ரிஃபார்ம்டு என்ற புராட்டஸ்டன்ட் சபைகளின் அடக்கப் பதிவில் போதகர் சில சமயம் பிறந்த ஊரையே எழுதியிருப்பார். குடும்பம் மொரேவியன் சபையாக இருந்தால் அதிர்ஷ்டம். அவர்கள் இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையே எழுதி, பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரிலுள்ள தங்கள் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் சவர் 1739-இல் ஜெர்மன்டவுனில் தொடங்கிய ஜெர்மன் செய்தித்தாளையும் பாருங்கள். ‘இன்ன ஊர்க்காரர், அண்ணனைத் தேடுகிறார்’ என்ற விளம்பரங்கள் அதில் வந்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்குக்குத் துணைநின்ற அதே ஜெர்மனியின் ஹாலே நகர நிறுவனம்தான் 1742-இல் முலன்பர்க் என்ற லுத்தரன் போதகரை பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. அவருடைய நாட்குறிப்புகளிலும் சபைக் குடும்பங்கள் பல வருகின்றன.

பெயரில் ஏமாறாதீர்கள். யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர் என்று அண்ணன் தம்பி எல்லோருக்கும் முதல் பெயர் யோஹானாகவே இருக்கும்; கூப்பிடுவது இரண்டாவது பெயரை. ஷ்னைடர் என்றால் தையல்காரர்; ஆகவே ஷ்னைடர், ஸ்னைடர், டெய்லர் மூன்றையும் தேடுங்கள். ‘ஷ்னைடரின்’ என்று இருந்தால் அது அந்தக் குடும்பத்துப் பெண்.

ஊர் கிடைத்த பிறகே ஜெர்மனிப் பக்கம் போக வேண்டும். புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியான் இணையதளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகள் மாட்ரிகுலா தளத்தில் இலவசம். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசமே. குரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘e’ எழுத்தும் ‘n’ எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். மாதத்தின் இடத்தில் 7-ஐ எழுதி அருகே ‘பெர்’ என்று இருந்தால் அது செப்டம்பர். ஜூலை என்று எடுத்தால் இரண்டு மாதம் தவறும். 8 அக்டோபர், 9 நவம்பர். 1689-இல் பிரெஞ்சுப் படை தென்மேற்கு ஜெர்மனியின் பலட்டினேட் பகுதியைக் கொளுத்தியபோது பதிவேடுகள் பல அழிந்தன. ஆகவே அதற்கு முந்தையது கிடைக்காமல் போகலாம்.

பெயர் பொருந்தியதும் ‘கிடைத்துவிட்டார்’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான தவறான வம்சாவளிகள் இங்கேதான் பிறக்கின்றன. அந்தக் குழந்தை சிறுவயதில் இறந்ததா, அதே ஊரில் திருமணம் செய்து தங்கிவிட்டாரா என்று அடக்க, திருமணப் பதிவுகளில் தேடுங்கள். கப்பல் ஆண்டுக்குப் பிறகு குடும்பம் அந்த ஊர்ப் பதிவேட்டிலிருந்து மறைய வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளின் பெயரும் வயதும் அமெரிக்க உயிலோடு ஒத்துப்போக வேண்டும். இப்போது கப்பல் பட்டியலைத் திறக்கலாம்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்தால் இத்தனை வேலையும் மிச்சமாகாதா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஆகாது. எட்டுத் தலைமுறைக்கு அப்பால் ஒரு முன்னோரிடமிருந்து வரும் பங்கு மிகச் சிறியது, சில சமயம் எதுவுமே இராது. ஆண்வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை, இரண்டு ஸ்னைடர் குடும்பங்கள் ஒரே வழியா என்று பிரித்துக் காட்டும். ஊர்ப் பெயர் சொல்லாது.

கேள்வி: எங்கள் தாத்தாவின் அண்ணன் கரும்புத் தோட்டக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போனவர். அவரையும் இப்படித்தான் தேட வேண்டுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் வேலை எளிது. 1860 முதல் 1911 வரை நெட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். அங்கே உள்ள உறவினரிடம் பழைய பிறப்பு, திருமணச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த எண் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. கிராமப் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதால் கேட்டு எழுதியதால், சத்தமாக வாசித்துப் பாருங்கள், பிடிபடும். பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்று இருந்தால் சித்தூர், சந்திரகிரி தாலுகாக்களையும் சேர்த்துத் தேட வேண்டும்; சித்தூர் 1911-இல்தான் தனி மாவட்டமானது.