கண்ணசைவுக் கண்ணாடி வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

தர்மபுரியிலிருந்து கேட்டிருக்கும் அப்பாவுக்கு,

பார்வை எங்கே போகிறது என்று பதியும் மூக்குக்கண்ணாடியைச் செய்ய மகளுக்கு ஆசை. அந்தப் பெயரில் டிகிரி தேடி அலைய வேண்டாம். மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்பதால் முதல் தேர்வு இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்). பர்கூர், செட்டிக்கரை இரண்டு அரசு பொறியியல் கல்லூரிகளிலும் உண்டு. கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5% ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். கட்டணம் அரசே கட்டும். கண் பரிசோதனைப் பக்கம் போக பி.ஆப்டம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பல இடங்களில் உயிரியல் கேட்பார்கள்.

ஆசை நிஜமா என்று இப்போதே பார்த்துவிடலாம். வழுவழுப்பான வெள்ளைப் பிளாஸ்டிக் பந்தில் கறுப்புப் பொட்டு ஒட்டி, டார்ச் அடித்து, பந்தை இருந்த இடத்திலேயே திருப்பச் சொல்லுங்கள். பொட்டு நகரும், டார்ச்சின் பளிச் புள்ளி நகராது. பொட்டுதான் கண்பாப்பா. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் கண்ணாடி பார்வையைக் கணக்கிடுகிறது. டார்ச்சுக்குப் பதில் அதில் அகச்சிவப்பு எல்இடி. கண்ணுக்குத் தெரியாது, அதனால் கூசாது; கண்ணாடியில் உள்ள கேமராவுக்குத் தெரியும். (டிவி ரிமோட்டை போனின் செல்ஃபி கேமராவில் காட்டினால் பெரும்பாலும் தெரியும்.) ஆர்வத்தில் எல்இடியைத் தன் கண்ணருகே வைத்துப் பார்க்க விடாதீர்கள். கூசாததால் கண் தானாக விலகிக்கொள்ளாது. பவர் அதிகமானால் ஆபத்து.

இந்த வேலையில் கஷ்டம் கணக்கில் இல்லை, மனுஷ முகத்தில் இருக்கிறது. கண் மை தீட்டியிருந்தால் அந்தக் கறுப்பையே கண்பாப்பா என்று சாஃப்ட்வேர் பிடித்துக்கொள்ளும். வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் வெளியே வந்ததும் பளிச் புள்ளி அமுங்கிவிடும். வியர்த்து ஃப்ரேம் மூக்கில் லேசாக வழுக்கினால்கூட முதலில் செய்த காலிபரேஷன் (அவரவர் கண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்வது) கெடும். ஒரு டிகிரி பிசகினால் 60 செ.மீ. தள்ளியிருக்கும் திரையில் 1 செ.மீ.; பார்த்த சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லைக் காட்டும். விநாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படத்துக்கு நடுவே 33 மில்லி விநாடி, கண்ணின் சின்னத் தாவல் அதற்குள் முடிந்துவிடும். 200 படம் என்றால் 5 மில்லி விநாடிதான்.

இந்தக் கண்ணாடி மட்டுமே செய்யும் கம்பெனிகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேமரா, எம்பெடட் (கருவிக்குள்ளேயே இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்), பைத்தான் புரோகிராமிங் மூன்றும் கைவந்தால் ஓசூர் ஆலைகளில் பாகங்களைக் கேமராவால் சோதிக்கும் வேலை, டிரைவர் தூங்குகிறாரா என்று பார்க்கும் வண்டிக் கருவி வேலை என்று வழி திறக்கும். கல்லூரி சேரும் முன்பே பைத்தானில் ஓபன்சிவி (படங்களை அலசும் இலவச மென்பொருள் தொகுப்பு) தொடங்கட்டும். அந்தப் பந்தின் போட்டோவில் பொட்டின் மையத்தைக் கண்டுபிடிப்பது முதல் பயிற்சி.