ஷார்லட் வந்திருக்கும் தம்பிக்கு: உங்கள் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் போட்ட மனுவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிரீன் கார்டு பெற்று, மனைவியோடும் மகளோடும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள ஷார்லட் வந்து சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள விமான நிலையத்தில், விமானங்களுக்கு உணவு தயாரித்து ஏற்றும் சமையற்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "இது பெரிய ஹப் (விமானம் மாறும் மையம்), இங்கே வேலைக்கு ஆபத்தே வராது" என்று அண்ணன் சொல்கிறார். அதை நம்பி விமான நிலையத்துக்கு அருகிலேயே வீடு வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே வாடகை, பள்ளிக்கூடம், பழைய கார், குளிர் உடை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹப்பைப் பற்றி நம்மவர்களில் பேசக்கூடியவர்கள் குறைவு என்பதால் நான் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நானும் உங்களைப் போலவே உடன்பிறந்தவர் மனுவில் வந்தவன்தான். மதுரையில் ஒரு நூற்பாலையில் பண்டகக் கணக்கராக இருந்துவிட்டு, 1998ஆம் ஆண்டு ஜனவரிக் குளிரில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க்கில் வந்து இறங்கினேன். என் பட்டத்தையும் அனுபவச் சான்றிதழ்களையும் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்கா வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? விமான நிலையத்தை ஒட்டிய ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் சமையற்கூடத்தில், விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கும் ஷிஃப்டில் தட்டு அடுக்கும் வேலை கிடைத்தது. அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஒரு பிலிப்பைன்ஸ்காரர் தம் காரில் ஏற்றிச் செல்வார், பெட்ரோலில் என் பங்கை வாரக் கடைசியில் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர், இந்த விமான நிலையம் இருக்கும்வரை உனக்கு வேலை உண்டு என்றார். விமான நிலையம் இன்றும் இருக்கிறது, தம்பி. அந்தச் சமையற்கூடத்தில் எனக்கிருந்த வேலைதான் இல்லை.

அப்போது பிட்ஸ்பர்க், யூஎஸ் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தின் மிகப் பெரிய மையங்களில் ஒன்று. ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில், அந்த நிறுவனத்தின் தேவைக்கேற்ப வடிவமைத்து, 1992 அக்டோபரில் புது முனையத்தைத் திறந்திருந்தார்கள். எக்ஸ் எழுத்தின் வடிவில் நான்கு கைகளும், 75 வாயில்களும், இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஓடும் ரயிலுமாக அது பார்க்க அவ்வளவு பிரமாண்டமாக இருக்கும். உச்சத்தில் நாளொன்றுக்கு 500க்கும் மேற்பட்ட விமானங்கள் புறப்பட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடிப் பயணிகள். ஆனால் அந்த 2 கோடியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிட்ஸ்பர்க்குக்கு வந்தவர்களும் இல்லை, பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பியவர்களும் இல்லை. வேறெங்கோ இருந்து வேறெங்கோ போகும் வழியில் விமானம் மாறியவர்கள். எங்கள் வேலையும் அந்தக் கணக்கிலேயே நடந்தது. விமானங்கள் பாங்க் பாங்காக, அதாவது ஒரே நேரத்தில் கும்பலாக வந்து இறங்கும். பயணிகள் மாறியதும் கும்பலாகவே கிளம்பிப் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அடுத்த பாங்க் வரும்வரை கை ஓய்ந்து நிற்கும். விமானம் மாறுகிறவருக்கு எந்த ஊரில் மாறினால் என்ன? அந்தப் பயணியை நம்பி நிற்கும் வேலையை, விமான நிறுவனம் ஓர் அட்டவணையைத் திருத்தி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட முடியும். உங்கள் அண்ணன் பெருமையாகச் சொல்லும் ஹப் என்பது இதுதான்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் குறைந்தன. செலவைச் சுருக்க, உள்நாட்டுப் பயணத்தின் சாதாரண வகுப்பில் சூடான உணவை நிறுத்தினார்கள். ஹப் மூடப்படும் செய்தி நாளிதழில் வருவதற்கு வெகு முன்பே எங்கள் அடுப்புகளில் பாதி அணைந்துவிட்டன. 2002 ஆகஸ்டில் யூஎஸ் ஏர்வேஸ் திவால் பாதுகாப்பு கோரியது. 2003இல் மீண்டு வந்து, 2004 செப்டம்பரில் மறுபடியும் நீதிமன்றப் படி ஏறியது. முனையம் கட்டிய கடனை அடைக்க விமான நிலையம் வசூலித்த கட்டணம் அதிகம் என்று நிறுவனம் முறையிட்டது. உள்ளூர் நிர்வாகத்தோடு பேச்சு முறிந்தது. முதல் திவாலின்போதே, அந்தச் சட்டத்தைக் கொண்டு பழைய குத்தகையை உதறியிருந்தது. 2004 நவம்பரில் பிட்ஸ்பர்க் மையம் என்ற தகுதியை இழந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனத்தின் நாளாந்த விமானங்கள் நூற்றுக்கும் கீழே இறங்கின. நகரத்தில் பத்தாயிரத்துக்கும் மேலாக இருந்த அதன் ஊழியர்கள் காலப்போக்கில் இரண்டாயிரத்துக்கும் கீழே வந்தார்கள். தனக்காகக் கட்டச் சொன்ன கட்டடத்தை விட்டுவிட்டு நிறுவனம் போய்விட்டது, கடன் ஊர்க்காரர்கள் தலையில் நின்றது. பின்னாளில் மாநிலச் சூதாட்ட வருவாயில் ஒரு பங்கும், ஓடுதளத்தைச் சுற்றிய நிலத்தின் அடியில் எரிவாயு எடுக்கவிட்ட பணமும் வந்துதான் விமான நிலையம் கடனைச் சமாளித்தது.

இந்தச் சரிவில் இரண்டு விதமான தொழிலாளிகளைப் பார்த்தேன். முதல் விதத்தார் விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள். அவர்கள் பட்டதும் சாதாரணமில்லை. விமானிகளின் ஓய்வூதியத் திட்டம் 2003இல் முடிக்கப்பட்டு அரசின் காப்பு நிறுவனத்திடம் போனது; பெருந்தொகையை எதிர்பார்த்திருந்தவர்களுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்புக்கு உட்பட்டதே கிடைத்தது. 2004 அக்டோபரில் திவால் நீதிமன்றம் 21 விழுக்காடு இடைக்காலச் சம்பளக் குறைப்புக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த ஜனவரியில் இயந்திரப் பணியாளர்களின் தொழிற்சங்க ஒப்பந்தத்தையே ரத்து செய்ய இடம் கொடுத்தது. இருந்தாலும் அவர்களிடம் சீனியாரிட்டி, அதாவது பணிமூப்பு, இருந்தது. வேலையிலிருந்து நிறுத்தினாலும் அதை ஃபர்லோ, அதாவது தற்காலிகப் பணி நிறுத்தம், என்று எழுதி, வரிசைப்படி திரும்ப அழைக்கும் உரிமை இருந்தது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்க முடிந்தது. எனக்குத் தெரிந்த விமானப் பணிப்பெண்கள் பலர் வீட்டை பிட்ஸ்பர்க்கிலேயே வைத்துக்கொண்டு, பணியைத் தொடங்குவதற்காக மட்டும் ஃபிலடெல்பியாவுக்கோ உங்கள் ஷார்லட்டுக்கோ விமானத்தில் போய்வந்தார்கள். அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, முறைவைத்துத் தூங்கினார்கள். கொடுமையான வாழ்க்கைதான், ஆனால் வாழ்க்கை என்று ஒன்று மிஞ்சியது.

இரண்டாவது விதத்தார் நாங்கள். சமையற்கூடம், விமானத் துப்புரவு, சக்கர நாற்காலி தள்ளுவது, பெட்டி ஏற்றுவதில் ஒரு பகுதி எல்லாமே ஒப்பந்த நிறுவனங்களிடம் இருந்தன. சீருடையைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாரும் விமானக் கம்பெனி ஆட்களாகத் தெரியும். சம்பளச் சீட்டில் இருந்த பெயர் வேறு. விமானம் குறைந்தால் ஒப்பந்தத் தொகை குறையும், மறுநாளே ஷிஃப்ட் குறையும். எங்களுக்கு மாற்றலும் இல்லை, திரும்ப அழைக்கும் வரிசையும் இல்லை. 100 பேரோ அதற்கு மேலோ வைத்து நடத்தும் நிறுவனம் பெருமளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் நிறுவனமோ வாரத்துக்குச் சிலராக, மாதத்துக்குச் சிலராக உதிர்த்தது. அப்படி உதிர்க்கும்போது அந்தச் சட்டம் பல நேரங்களில் பொருந்தாமலே போய்விடும். என் முறை வந்த அன்று, ஷிஃப்ட் முடிந்ததும் பாதுகாப்பு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பேச்சு அவ்வளவோடு முடிந்தது. விமானக் கம்பெனிக்காரர்களின் ஓய்வூதியம் போனதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தட்டு அடுக்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டு யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸில் மலைமேல் இருக்கும் வெங்கடாசலபதி கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ தமிழர்கள் வருவார்கள். பிரசாத வரிசையில் நின்றால் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். கணினி வேலை என்றால் உரையாடல் நீளும். ஏர்போர்ட் கிச்சன் என்றால் அவர் கண் என் தோளைத் தாண்டி வேறு ஆளைத் தேடும். வேலை போன சமயத்தில் வழி சொன்னவர்கள் யார் தெரியுமா? கார் ஓட்டிய அதே பிலிப்பைன்ஸ்காரரும், சங்க அனுபவமுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணியும்தான். வேலையின்மை உதவித்தொகைக்கு எப்படி எழுத வேண்டும், எந்த வாரத்தை விடாமல் பதிய வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாள். ஆகவே தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையிடத்து மனிதர்களின் தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிட்ஸ்பர்க்கின் தலையெழுத்து மட்டும்தான் என்று அண்ணன் சொல்லக்கூடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2001இல் டீடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை வாங்கியது, 2003 நவம்பரில் செயின்ட் லூயிஸ் மையத்தின் விமானங்களைப் பாதியாக வெட்டியது. அங்கே 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட புதிய ஓடுதளம் அதற்குப் பிறகு 2006இல்தான் திறந்தது. சின்சினாட்டி, மெம்பிஸ் மையங்களை டெல்டா விமான நிறுவனம் சுருக்கியது. கிளீவ்லாந்தில் 2014 பிப்ரவரியில் அறிவிப்பு கொடுத்த யுனைடெட் விமான நிறுவனம், விமானங்களை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. பறிபோகும் என்று சொல்லப்பட்ட 470 வேலைகளில் விமான உணவு வேலைகளும் இருந்தன. டீடபிள்யூஏ பணிப்பெண்களின் கதை இன்னும் கசப்பானது. அவர்களைப் புது நிறுவனத்தின் சீனியாரிட்டிப் பட்டியலில் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். எத்தனை ஆண்டு பணி செய்தவர்களாக இருந்தாலும் 2003க்குள் அத்தனை பேரும் ஃபர்லோவில் வெளியே நின்றார்கள். அந்த அநியாயம் கண்ட பிறகுதான், நிறுவனங்கள் இணையும்போது பணிமூப்பை நியாயமாக இணைக்க வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது.

இனி உங்கள் ஷார்லட். நாளைக்கே மூடிவிடுவார்கள் என்று பயமுறுத்த எனக்கு எண்ணமில்லை. யூஎஸ் ஏர்வேஸ் பின்னாளில் அமெரிக்கன் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது; அந்த நிறுவனத்துக்கு டாலஸுக்கு அடுத்த பெரிய மையம் ஷார்லட். விமான நிறுவனங்களிடம் வாங்கும் கட்டணம் நாட்டின் பெரிய நிலையங்களிலேயே மிகக் குறைவானவற்றுள் ஒன்று, பிட்ஸ்பர்க் தோற்ற இடத்தில் ஷார்லட் வென்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் அங்கே பயணம் செய்கிறவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் விமானம் மாறுகிறவர்கள். அண்ணன் பார்க்கும் கூட்டம் ஊரின் கூட்டம் அன்று. ஒப்பந்தத் தொழிலாளர் நிலைமையும் மாறிவிடவில்லை: 2024 நவம்பரில், நன்றியறிதல் நாள் வாரத்தில், அதே ஷார்லட் நிலையத்தில் விமானம் துப்புரவு செய்கிறவர்களும் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களும் கூலி போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள்.

வீடு வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பென்சில்வேனியாவில் எங்களுக்கு வேலையின்மை உதவித்தொகை 26 வாரம் வரை கிடைத்தது. வட கரோலினாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, மாநிலத்தில் வேலையின்மை குறைவாக இருக்கும் காலத்தில், 12 வாரத்தோடு முடிந்துவிடும். வேலை போனபின் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம், ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து, மேலே 2 விழுக்காடு வைத்து, நீங்களே கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், கிரீன் கார்டில் வந்த பெரியவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்தாண்டு அது கிடையாது என்பதைச் சொல்லுங்கள். வேலை போன 60 நாட்களுக்குள் அரசு ஏற்பாட்டிலான மருத்துவக் காப்பீட்டுச் சந்தையில் பதிந்தால் வேறு திட்டம் எடுக்கலாம். விமான நிலையத்தை ஒட்டிய வீட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை போகும்போது உங்களுக்கு மட்டும் போகாது, அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் போகும். எல்லாரும் ஒரே மாதத்தில் விற்கப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து மூன் டவுன்ஷிப்பில் ஷார்லட்டுக்கு மாற்றல் வாங்கிப் போனவர்கள் விற்பனைப் பலகையை நட்டுவிட்டுக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஓராண்டாவது வாடகையிலேயே இருங்கள். வேலையை விட வேண்டாம். அந்த நிலையத்தின் பாதுகாப்பு அட்டை கையில் இருக்கும்போதே விமான நிறுவனத்தின் நேரடி வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள், சேர்ந்த நாளிலிருந்துதான் சீனியாரிட்டி எண்ணப்படும். உங்கள் சமையற்கூடத்தில் சங்கம் இருக்கிறதா, ஒப்பந்தம் கைமாறினால் புது நிறுவனம் உங்களை எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டதா என்று இப்போதே கேளுங்கள். கூடவே, விமானம் இல்லாத ஊரிலும் செல்லுபடியாகும் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். நான் தட்டு அடுக்கியதோடு நிற்காமல், உணவு ஏற்றும் லாரியை உறைபனியில் விமானத்தின் கதவோரம் ஒட்டி நிறுத்தப் பழகினேன். பிறகு சொந்தச் செலவில் வணிக ஓட்டுநர் உரிமம் எடுத்தேன். மதுரையில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவன் இன்று பனிக்காலத்தில் பிட்ஸ்பர்க் மேடுகளில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன், இங்கேயே பிறந்தவர்கள் வழுக்கி நிற்கும் ஏற்றங்களிலும் நிதானமாக ஏறிவிடுவேன். பழைய முனையத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் இங்கே புதியது திறந்திருக்கிறது. 51 வாயில்கள், இடையில் ரயில் கிடையாது, பெரும்பாலும் ஊர்க்காரர்கள் வந்துபோவதற்கான அளவில் கட்டியிருக்கிறார்கள். 1992இல் கட்டியதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளிக்கூடம், பழைய கார், வாடகைக்கு நல்ல பகுதி ஆகியவற்றை உங்கள் அண்ணனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஷார்லட்டில் நான் பலமுறை இறங்கியிருக்கிறேன், ஆனால் விமானம் மாறுவதற்காக மட்டும். அந்த நிலையத்தின் கதவைத் தாண்டி ஊருக்குள் போனதே இல்லை.