கைரோபிராக்டிக்குக்குப் பிறகு இடுப்பு வலி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

திருச்சியில் 19 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சட்டென்று திருகிச் செய்யும் சிகிச்சை, செய்துகொண்ட பிறகு குறுக்கும் இடுப்பும் வலிக்கிறது என்று வந்த கேள்விகளை இன்று எடுத்துக்கொள்கிறேன். தொட்டுப் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. அந்த அளவுக்கே நம்புங்கள்.

ஓசூர், 34 வயது: அக்கா, ரீல்ஸ் பார்த்துவிட்டுப் போனேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை அமுக்கி ஒரே திருகு. ‘டொக்’ என்று சத்தம். அன்று சுகமாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து வலது இடுப்புக்குப் பின்னால், குழி விழும் இடத்தில் வலி. புரண்டு படுத்தால் உயிர் போகிறது. 12 நாளாகிறது. எலும்பு விலகிவிட்டதா?

விலகவில்லை தம்பி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

நீங்கள் சொல்லும் இடம் சாக்ரோஇலியாக் மூட்டு. சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறதே, அதுவும் இடுப்பெலும்பும் சேரும் இடம். மேலுடம்பின் பாரம் கால்களுக்கு இறங்குவது இந்த வழியாகத்தான். அதனால் அசைவு மிகக் குறைவு, சில டிகிரி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதைச் சுற்றியுள்ள தசைநார்கள் உடம்பிலேயே பலமானவற்றில் சேர்ந்தவை. வாகன விபத்தில் பிசகலாம். மேஜையில் படுக்க வைத்துத் திருகினால் பிசகாது.

ஆனால் வலி பொய்யில்லை. அந்தத் தசைநாரும் சுற்றியுள்ள தசையும் புண்பட்டிருக்கலாம். இப்படிச் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லேசான வலியோ அசதியோ வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். 12 நாள் என்பது அந்தக் கணக்கில் சேராது. எஸ்.ஐ. மூட்டு வலி உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே விரலால் அந்தக் குழியைத் தொட்டுக் காட்டுவார்கள். இடுப்பை அமுக்கியும் விரித்தும், தொடையைத் தள்ளியும் செய்யும் ஐந்து கைச்சோதனைகள் உண்டு. மூன்றில் பழைய வலி கிளம்பினால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

இப்போதைக்கு மறுபடி அங்கே போய்த் திருக்கிக்கொள்ளாதீர்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம். பத்து பத்து நிமிடமாக நடங்கள். புரளும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு புரளுங்கள், நடுவில் ஒரு தலையணை. ஒற்றைக் காலில் நின்று பேண்ட் மாட்டாதீர்கள். சுடுநீர் ஒத்தடம் இதம் தரும். இன்னும் பத்து நாளில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோவையோ நேரில் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒன்று. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமலே கசிந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ பிசியோவிடம் வராதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சிவகாசி: மேடம், பத்து சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டேன். நாலாவதிலிருந்து வலி கூடுகிறது. பாக்கியை முடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

கட்டிய பணத்துக்காக இடுப்பைக் கொடுக்காதீர்கள். நிறுத்துங்கள். வலியைப் பார்க்காமலே முதல் நாளில் பத்து தடவை என்று எழுதுகிறவர், வைத்தியத்தை அல்ல, மாதக் கணக்கை எழுதுகிறார்.

கோவை, 26 வயது: காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் குறுக்கு இரும்பு மாதிரி இருக்கும். நடக்க நடக்கச் சரியாகும். சில நாள் இடது பிட்டத்தில், சில நாள் வலது. ஆறு மாதமாக இப்படித்தான். கைரோபிராக்டரிடம் ஐந்து முறை போனேன், பலனில்லை.

இது திருகுகிற விஷயமே இல்லை. சின்ன வயது, காலை விறைப்பு அரை மணிக்கு மேல், ஓய்வில் கூடி அசைந்தால் குறைவது, பக்கம் மாறி மாறி வருவது. இவ்வளவும் சேர்ந்தால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாத நோயை நினைக்க வேண்டும். அது முதலில் பிடிப்பதே இந்த எஸ்.ஐ. மூட்டைத்தான். எலும்பு மருத்துவரை விட ரூமட்டாலஜிஸ்டை, அதாவது வாத நோய் நிபுணரைப் பாருங்கள். எச்.எல்.ஏ.-பி27 ரத்தப் பரிசோதனையும் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ.யும் எழுதுவார். நோய் முற்றினால் முதுகெலும்பு ஒட்டிப்போய் மூங்கில் மாதிரி ஆகும். அந்த முதுகைத் திருகினால் முறியலாம். இப்போதே பிடித்தால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆறாவது முறை போகாதீர்கள்.

தஞ்சாவூர், ஏழாம் மாதம்: வளைகாப்பு முடிந்ததிலிருந்து இடுப்பு வலி. போகலாமா?

கர்ப்பத்தில் தசைநார்கள் தளர்வது இயல்பு, வலி அதனாலும் வரலாம். திருக்கிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் சிலருக்கு உதவும், தலையணை வித்தை மேலே இருக்கிறது.

நாகர்கோவில்: என் தாத்தா வர்ம ஆசான். எலும்பு விலகாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தூக்கிக்கொண்டு வந்தவர் சத்தம் கேட்டதும் எழுந்து நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அண்ணாச்சி, அவர் நடந்ததை நான் நம்புகிறேன். நடந்ததற்குக் காரணமாக நீங்கள் சொல்வதைத்தான் நம்பவில்லை.

1998-இல் சுவீடனில் ஒரு சோதனை செய்தார்கள். பத்துப் பேருடைய இடுப்பெலும்பில் சின்னச் சின்ன உலோக மணிகளைப் பதித்து, திருகுவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரேயில் அளந்தார்கள். திருகியபின் கைச்சோதனை எல்லாம் ‘சரியாகிவிட்டது’ என்றது. எலும்போ இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தமா? நெட்டி முறிக்கும்போதும்தான் வருகிறது. 2015-இல் கனடாவில் விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். மூட்டுத் திரவத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிற நேரத்தில்தான் அந்தச் சொடக்கு. விரலில் எதுவும் விலகி ஏறவில்லையே? இறுகிப் பிடித்திருந்த தசை விட்டுக்கொடுக்கிறது, நரம்பு வலியை உணர்வது கொஞ்ச நேரம் தணிகிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் ‘விலகியது’ என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அவர் வாழ்நாள் முழுக்கக் குனியப் பயப்படுவார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வலியை விடப் பயம்தான் பெரிது.

அதே நாகர்கோவில்: அப்படியானால் உலக சுகாதார நிறுவனமே இதை ஏன் பரிந்துரைக்கிறது?

நல்ல கேள்வி. 2023 டிசம்பரில் நாள்பட்ட குறுக்கு வலிக்கு அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில், கையால் முதுகெலும்பைச் சரிசெய்யும் சிகிச்சையும் பரிசீலிக்கலாம் என்ற பட்டியலில் இருக்கிறது, உண்மை. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்குதல் இவற்றோடு சேர்த்து. நானும் சிலருக்கு மென்மையாகச் செய்வேன். யாருக்குச் செய்கிறோம், யார் செய்கிறார் என்பதுதான் என் சண்டை. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு, தேர்வு, உரிமம் எல்லாம் தாண்டித்தான் கைரோபிராக்டர் ஆக முடியும். இங்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டுகிறார்கள்.

இன்னொருவர் குறுக்கே: கைரோபிராக்டிக்கே காது கேட்காதவரைக் குணமாக்கித் தொடங்கியதுதானே?

1895-இல் அயோவாவின் டேவன்போர்ட்டில், காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டி.டி. பால்மர் ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகில் தட்டிக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். காது நரம்பு முதுகு வழியாகப் போவதில்லை.

நிற்க. வாதத்தை நிறுத்துகிறேன், கீழே ஒரு கேள்வி.

நேற்று மாலை செய்துகொண்டேன். இரவிலிருந்து இரண்டு காலும் பாரம். உட்காரும் இடம் மரத்திருக்கிறது. காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. ஓய்வெடுத்தால் போதுமா?

போதாது. இப்போதே கிளம்புங்கள். நரம்பியல் அறுவை சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனை, அவசரப் பிரிவு. வண்டி இல்லையென்றால் 108. உட்காரும் இடம் மரத்தது, சிறுநீர் போகவில்லை, நேற்று முதுகைத் திருகினார்கள் என்ற மூன்றையும் போனவுடன் சொல்லுங்கள். முதுகெலும்பின் வால்பகுதி நரம்புக் கொத்து நசுங்கியிருந்தால் மணிக்கணக்குதான் அவகாசம். பதில் எழுத வேண்டாம், போங்கள்.

மூன்று பேர்: பெல்ட் போடலாமா?

கர்ப்பிணிக்குச் சொன்னது வேறு. நாள்பட்ட குறுக்கு வலிக்கு இடுப்புப் பெல்ட்டும், இழுத்துக் கட்டும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிறது அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டி.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். அதனால்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் நூற்றுக்கு முப்பது பேருக்கு அப்படித் தெரியும். படத்துக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

அம்மாவுக்கு 68, எலும்புத் தேய்மானம். கழுத்தையும் சேர்த்துச் சரிசெய்கிறேன் என்கிறார்.

கூடாது. எலும்பு வலுவிழந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. கழுத்துத் திருகலில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் உங்கள் அம்மாவாக இருக்க வேண்டாமே.

எலும்பு விலகினால் என்ன செய்வது?

ஓசூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். நாகர்கோவில் அண்ணாச்சிக்குச் சொன்னதையும்.

தரையில் படுக்கலாமா, மெத்தையிலா?

எதில் தூக்கம் வருகிறதோ அதில்.