108-க்கு மூன்று அழைப்பு, ஒரு மரணம்: எதை வைத்து வழக்குப் போடுவது?

கேள்வி: கடலூர் – புதுச்சேரி எல்லையில், ரெட்டிச்சாவடி பக்கம் குடியிருக்கிறோம். 14 மாதத்துக்கு முன் ஒரு நாள் இரவு 11.40-க்கு என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108-க்கு மூன்று முறை அழைத்தேன். முதலில் எடுத்தவர், "இது புதுச்சேரி கன்ட்ரோல் ரூம், உங்களுக்குத் தமிழ்நாடு வண்டிதான் வரணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்தவர் ஊர், தெரு, அடையாளம் என்று கேட்டதையே கேட்டு எரிந்து விழுந்தார். 50 நிமிடம் காத்திருந்து ஆட்டோவில் தூக்கிப் போனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. அரசு கோடிக்கணக்கில் பணம் கொடுக்கிற சேவையைக் கேட்க ஆளில்லையா? ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும், போன் எடுத்தவர் சிறைக்குப் போக வேண்டும், 50 லட்சம் இழப்பீடு வேண்டும். நுகர்வோர் கோர்ட்டில் போடலாம் என்கிறார் கணவரின் தம்பி. என்ன செய்யலாம்?

பதில்: கேட்ட மூன்றில் இரண்டை இப்போதே விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்வது பொதுநல வழக்கு. ஜெயித்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) பிரிவு 106-இன் கீழ் போன் எடுத்தவரைச் சிறைக்கு அனுப்ப, அலட்சியம்தான் உயிரைப் பறித்தது என்று காட்ட வேண்டும். எரிந்து விழுந்தது குற்றம் ஆகாது. கணவரின் தம்பி அந்த ஊழியரின் பெயரை முகநூலில் போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். அவதூறு வழக்கு திரும்பி வந்தால் அதற்கும் வக்கீல் வைக்க வேண்டியிருக்கும்.

மிஞ்சுவது இழப்பீடு. அதில் முதலில் காட்ட வேண்டியது இது: உங்கள் அழைப்பை எந்த மையம், எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு வண்டியை ஒதுக்கியது அல்லது ஒதுக்கவே இல்லை. உங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கூப்பிடு தூரத்தில் முள்ளோடை புதுச்சேரி. மொபைல் எந்தக் கோபுரத்தைப் பிடித்ததோ, அந்தப் பக்கத்து மையத்துக்கு அழைப்பு போயிருக்கும். அது தெரியாமல் எந்த அரசைப் பிரதிவாதியாக்குவது என்றே முடிவு செய்ய முடியாது. இரண்டையும் சேருங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்தப் பக்கத்துக்கு வழக்குக்கு முன் அனுப்பும் நோட்டீஸில் மத்திய அரசையும் சேர்த்து, புதுச்சேரி தலைமைச் செயலர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வண்டி ஓட்டும் நிறுவனத்தையும் விடாதீர்கள். வேலையை வெளியே கொடுத்தோம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று அரசு நழுவப் பார்க்கும். ஹரியானா அரசு எதிர் சந்த்ரா வழக்கில் (2000), அரசு மருத்துவமனை டாக்டரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். அதை இங்கே நீட்டி வாதாட இடமிருக்கிறது.

அரசுப் பணம் பற்றிய உங்கள் கோபம் ஒரே ஒரு இடத்தில் உதவும். பணம் வாங்குகிறவர் கணக்குக் காட்டியாக வேண்டும். அழைப்பு எண், வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் ஆகியவை மையத்தின் கணினியில் பதிவாகும். அரசு மேற்பார்வை என்பதே இந்த விவரங்களைப் பார்ப்பதுதான். தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(எஃப்)-இன்படி, ஒரு தனியார் அமைப்பிடமிருந்து சட்டப்படி அரசு பெறக்கூடிய தகவலை நீங்களும் கேட்கலாம். நிறுவனத்திடம் கேட்காதீர்கள், சுகாதாரத் துறையிடம் கேளுங்கள். குரல் பதிவை முதலில் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று மறுப்பார்கள். உங்கள் எண்ணிலிருந்து வந்த அழைப்புகளின் நேர விவரத்தைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வண்டி சேர வேண்டிய நேரமும் தாமதத்துக்கான அபராதமும் உள்ள பக்கங்களை மட்டும் நகல் கேளுங்கள். முழு ஒப்பந்தம் கேட்டால் வணிக ரகசியம் என்று நாள் கடத்துவார்கள். பொது அவசர எண்ணான 112-க்கும் அழைத்திருந்தால் அதற்குத் தனி மனு. அது நிர்பயா நிதியில் உள்துறைத் திட்டமாக வந்தது, நடத்துவது காவல் துறை. சுகாதாரத் துறையில் அந்தப் பதிவு கிடைக்காது.

ஆனால் தகவல் வரட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட வழக்குகள் சாவது பெரும்பாலும் இங்கேதான். 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட, காலவரையறைச் சட்ட அட்டவணையின் 82-ஆவது இனத்தின்படி இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். உங்களுக்கு 10 மாதம் இருக்கிறது. தகவல் மனுவுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 முதல் 45 நாள், பிறகு தகவல் ஆணையத்தில் வரிசை. புதுச்சேரி மனுவின் இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குக் கூட வராது, டெல்லியில் மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும். இந்தக் காத்திருப்பில் ஒரு நாளைக்கூட காலக்கெடுவில் கழிக்க மாட்டார்கள். அரசின் மேல் வழக்குப் போடும் முன் அனுப்ப வேண்டிய, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80 நோட்டீஸின் 2 மாதம் மட்டும்தான் கழியும். அதனால் நோட்டீஸை இந்த மாதமே அனுப்புங்கள். குரல் பதிவையும் அழைப்பு விவரத்தையும் அழிக்காமல் வைக்கும்படி, தேதி, நேரம், எண் குறிப்பிட்டு அதிலேயே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பதிவுகளை யாரும் காலகாலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். கேட்ட பிறகு அழித்தால் அது உங்களுக்குச் சாதகம். கேட்காமல் அழிந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆவணங்களைக் கோர்ட் மூலம் வரவழைப்பதை வழக்குப் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நுகர்வோர் ஆணையம் வேண்டாம். இலவசச் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது, வி.பி. சாந்தா வழக்கிலேயே (1995) எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனையை வெளியே வைத்துவிட்டார்கள். 108-க்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, வரி கட்டுவதும் கட்டணம் ஆகாது. அங்கே ஒன்றரை வருடம் ஓடி மனு தள்ளுபடியான பிறகு, காலவரையறைச் சட்டம் பிரிவு 14 காப்பாற்றும் என்று சிவில் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் தவறான இடத்தில் போராடியதை நிரூபித்தால்தான் அந்தப் பிரிவு. கணவரின் தம்பி சொன்னார் என்பது கவனம் ஆகாது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். பச்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி வழக்கில் (1996), அவசரச் சிகிச்சை தருவது அரசின் கடமை, நிதி இல்லை என்பது சாக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அங்கே விசாரணைக் குழுவின் அறிக்கை கையில் இருந்தது. அப்படியும் கொடுத்த இழப்பீடு 25,000 ரூபாய். உங்கள் விஷயத்தில் முதல் அழைப்பே எங்களுக்கு வரவில்லை என்று இரண்டு அரசும் சொல்லிவிட்டால், சாட்சி விசாரிக்க சிவில் கோர்ட்டுக்குப் போ என்றுதான் அனுப்புவார்கள்.

இனி நீங்கள் கேட்க விரும்பாதது. வண்டி 15 நிமிடத்தில் வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பிரேதப் பரிசோதனை நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. நடக்காவிட்டால் மாரடைப்பு என்பதே ஊகமாகிவிடும். மருத்துவமனையில் கொண்டுவந்த நேரம் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, முன்பு எடுத்த ஈ.சி.ஜி., மாத்திரைச் சீட்டு, இவற்றை வைத்து இதய மருத்துவர் ஒருவர் எழுத்தில் கருத்துச் சொன்னால்தான் வழக்கு நிற்கும். யாரும் எழுதித் தராவிட்டால் சமரசத்தைப் பாருங்கள். 50 லட்சம் என்று போட்டால் 3 சதவீதக் கணக்கில் 1.5 லட்சம் கோர்ட் ஃபீ. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்கு உதவும். அங்கேயே வழக்குக்கு முந்தைய மக்கள் நீதிமன்றத்துக்கும் மனு கொடுக்கலாம். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு ஆட்சியர் வழியாகவும் ஒரு மனு போகட்டும். அது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் மட்டும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அந்த 2 ஆண்டு நின்றுவிடாது. "சார் பார்த்துக்கறேன்னு சொன்னார்" என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

மாமியார் இருந்தால் அவரையும் பிள்ளைகளையும் உங்கள் வழக்கிலேயே சேருங்கள். ஒரு மரணத்துக்கு ஒரு வழக்குதான், பங்கைக் கோர்ட் பிரிக்கும். கணவரின் தம்பிக்கு இந்தச் சட்டத்தில் பங்கு கிடையாது. அவர் இதைத் தெரிந்துகொண்டால் ஆலோசனைகள் கொஞ்சம் குறையலாம்.

அழைத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. அழைப்புப் பட்டியலை வெறும் படமாகக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும், அதில் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். அந்த சிம் கணவர் பெயரில் இருந்தால் ரீசார்ஜை விடாதீர்கள். எண் வேறு யாருக்காவது போய்விட்டால், அன்று இரவு அழைத்தது நீங்கள்தான் என்று காட்டவே தனியாக ஒரு சாட்சி தேட வேண்டியிருக்கும்.