கோப்பெங் முதலில், மிஷன் அப்புறம்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகனுக்கு எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) முடிவு நன்றாக வந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கான கோப்பெங் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கிறது. அவனோ, அது வேண்டாம், இரண்டு ஆண்டு வெளிநாட்டில் ஊழியம், அதாவது சபைக்காகச் சமயம் பரப்பும் மிஷன் பணி, செய்யப் போகிறேன் என்கிறான். நீங்களும் அவனும் ஒரே சபை, மார்மன் என்று பலரும் சொல்கிற கிறிஸ்தவச் சபை. உங்கள் கணவர் அந்தப் பக்கம் வருவதில்லை. "படிச்ச படிப்பு வீணாப் போச்சு" என்று சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

நான் ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கிற ஆள். அதனால் உங்கள் சபைக்கு ஆள் சேர்க்கும் எண்ணமும் எனக்கு இல்லை, போகிறவனைத் தடுக்கும் எண்ணமும் இல்லை. படிப்பு, வேலை என்ற கணக்கில் மட்டும் பேசுகிறேன். என் பதில் இதுதான்: மெட்ரிக் இடத்தை விட வேண்டாம். மிஷனை விடச் சொல்லவில்லை, தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

மெட்ரிகுலேஷன் என்பது அந்தந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதியவர்களுக்கான வாய்ப்பு. இரண்டு ஆண்டு கழித்து வந்து அதே முடிவைக் காட்டி இடம் கேட்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடம் கிடைக்க எத்தனை பேர் எத்தனை கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். உங்கள் சபையின் விதியோ அப்படி நெருக்குவதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஆண் பிள்ளைகள் 18 வயதிலிருந்து 25 வரை முழுநேர ஊழியத்துக்குப் போகலாம். 2012 வரை தொடக்க வயது 19ஆக இருந்தது, அதைத்தான் 18ஆகக் குறைத்தார்கள். கூடப் படித்த சபைப் பிள்ளைகள் எல்லாரும் 18இல் கிளம்பினால் தானும் உடனே போயாக வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றும். விதி அப்படிச் சொல்லவில்லை. மெட்ரிக் ஓராண்டு, டிகிரி மூன்று அல்லது நான்கு ஆண்டு என்று வைத்தாலும் 23 வயதுக்குள் முடிந்துவிடும்.

"அதுவரை என்னால் காத்திருக்க முடியாது" என்று அவன் சொன்னால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. டிகிரியில் சேர்ந்து முதல் ஆண்டை முடித்துவிட்டு, படிப்பைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். ஆனால் இரண்டு ஆண்டு என்றால் நான்கு செமஸ்டர். பல பல்கலைக்கழகங்கள் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு செமஸ்டர்தான் தருகின்றன. எனவே கிளம்பும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் எடுத்திருந்தால் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மெட்ரிக் முடித்த கையோடு, டிகிரி தொடங்கும் முன் போவது மட்டும் எனக்குப் பிடிக்காத வழி. எந்தெந்த ஆண்டு முடிவுகளை ஏற்போம் என்று, அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூபியு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அந்த விதியை நம்பிப் பிள்ளையை விமானம் ஏற்ற எனக்கு மனம் வராது.

சரி, இப்போது உங்கள் கணவருக்கு. அவர் நினைப்பது போல இது ஊர் சுற்றுகிற வேலை இல்லை. காலை 6.30க்கு எழ வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, பிரார்த்தனை, காலை உணவு, அப்புறம் வேத வாசிப்பு. பைபிளோடு, சபையின் இன்னொரு வேத நூலான மார்மன் புஸ்தகத்தையும் படிப்பார்கள், போன நாட்டின் மொழி தெரியாவிட்டால் அதையும் படிக்க வேண்டும். பிறகு வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணிவாக்கில்தான் அறைக்குத் திரும்புவார்கள், 10.30க்குப் படுக்கை. நாட்டுக்கு நாடு நேரம் கொஞ்சம் மாறும். சினிமா இல்லை, காதல் இல்லை. எங்கே போனாலும் கூட ஒரு துணை ஊழியர் இருப்பார். அவர் டோங்காக்காரராக இருக்கலாம், பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், யூட்டாவில் பிறந்தவராகவும் இருக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் அறிவிப்பார்கள். துணை மாறலாம், ஊரும் மாறலாம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, முடிவெட்ட, வீட்டுக்கு எழுத. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் பேச அனுமதி இருக்கிறது. உங்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சபரிமலைக்கு மாலை போட்டவர் விரதம் முடியும்வரை எப்படி இருப்பாரோ, அப்படி இரண்டு ஆண்டு. தேநீரும் கோப்பியும் மதுவும் இவர்களுக்கு ஊழியத்தில் மட்டுமல்ல, எப்போதுமே கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உணவை விட்டு உபவாசம் இருப்பார்கள். மில்லுக்கு எதிரில் இருக்கும் கடையில் உங்கள் மகன் எல்லாரும் தே தாரிக் குடிக்கும்போது மைலோ கேட்கிறானே, காரணம் அதுதான்.

எந்த நாடு என்று அவனோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது. சபையின் தலைமையகம் இருக்கும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் முடிவு செய்து அழைப்பு அனுப்புவார்கள். வீட்டிலிருந்தபடியே செய்யும் சேவை ஊழியமும் உண்டு, உடல்நிலை சரியில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. விண்ணப்பத்தோடு மருத்துவப் பரிசோதனையும் பல் பரிசோதனையும் கேட்பார்கள். கடைவாய்ப் பல் வலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணத்துக்கு வருவோம். ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது, குடும்பம்தான் மாதாமாதம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். நம் நாட்டுக் குடும்பங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் கிளைத் தலைவரிடம் எழுதி வாங்குங்கள். முடியாதவர்களுக்குச் சபையும் உதவுகிறது, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கட்டுகிற தொகை போக, சம்பாதிக்காமல் போகும் தொகையும் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று எடுத்தாலே 24 மாதத்துக்கு 40,800 ரிங்கிட். உங்கள் கணவர் கோபத்துக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது. அதை மதத்துக்கு எதிரான பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். படிப்பு முடித்துப் போனால் இடையில் பகுதிநேர வேலை பார்த்து அவனே கொஞ்சம் சேர்க்கலாம். சுங்கை சிப்புட்டின் தலைவர் துன் சம்பந்தன் காலத்தில் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டித் தோட்டத்தையே வாங்கிய மக்கள் நாம், 1960இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இருக்கிறது. அவர் ஊர்க்காரர்களான உங்களுக்குச் சேமிப்பைப் பற்றி நான் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

வேலைக்கு இதனால் பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, ஆனால் தானாக வராது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்கிற குறை ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குவது. தினமும் முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசி, பத்துப் பேர் கதவைச் சாத்தினாலும் பதினோராவது வீட்டில் சிரித்த முகத்தோடு நிற்கிறவனுக்கு நேர்முகத் தேர்வு பயமாக இருக்காது. புதிதாக வந்தவருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு, ஒரு பகுதி ஊழியர்களைக் கவனிக்கும் பொறுப்பு எல்லாம் இருபது வயதிலேயே கிடைக்கலாம். சுயவிவரத்தில் இதை எழுதும்போது எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்று எழுதக் கூடாது. வெளிநாட்டில் இரண்டு ஆண்டு முழுநேரத் தன்னார்வப் பணி, கற்ற மொழி, வழிநடத்திய ஆட்கள், திட்டமிட்ட வேலை என்று எழுதினால் போதும். அரசு வேலை நேர்முகத்தில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம், பிரசங்கம் செய்யவும் வேண்டாம். நம் அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. முஸ்லிம்களிடையே வேறு சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றவும் அதே பிரிவு இடம் தருகிறது. திரும்பி வந்த பிறகும் அவன் இதை மறக்கக் கூடாது.

கணிதமும் இயற்பியலும் இரண்டு ஆண்டு தொடாவிட்டால் துருப்பிடிக்கும். பொறியியல் படிக்கிறவன் நடுவில் போவதை நான் தயங்குவது இதனால்தான்.

சபை வழியாகவே சில கல்வி வாய்ப்புகள் இருக்கின்றன. ஹவாயில் லாயே என்ற ஊரில் 1955இல் தொடங்கிய பிரிகாம் யங் பல்கலைக்கழகக் கிளையில் ஆசிய, பசிபிக் மாணவர்கள் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் திட்டம் உண்டு. படித்து முடித்துத் தன் பகுதிக்கே திரும்பினால் உதவியில் கடனாகத் தந்த பகுதி படிப்படியாகத் தள்ளுபடியாகும். ஊழியம் முடித்த ஏழைப் பிள்ளைகளை மனத்தில் வைத்து 2001இல் அறிவித்த கல்விக் கடன் நிதியும், இணையவழிப் படிப்பும் இருக்கின்றன. எதில் சேர்வதானாலும் அந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஒன்றை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சிலர் உடல்நிலையாலோ மனச்சோர்வாலோ பாதியில் திரும்புவார்கள். அப்படி அவன் வந்தால் "ஏன் வந்தே" என்று கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்காதீர்கள். ஊர் கேட்கத்தான் செய்யும்.

கோப்பெங் சலுகைக் கடிதத்தில் பதிவு நாள் போட்டிருக்கும். அதற்கு முன்பே இணையத்தில் ஏற்றுக்கொண்டதாகப் பதிய வேண்டிய கடைசி நாளையும் பாருங்கள், அது முதலில் வரும். தம்பியோடு கணவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள். மில்லில் காலை ஷிப்ட் என்றால் சாயங்காலம் வந்தாலும் சரி.