டிசம்பர் 16-ஐ ஏன் நீக்கவில்லை?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் 16 'நல்லிணக்க நாள்' என்று அரசு விடுமுறை. வெள்ளையர்கள் ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கொண்டாடிய நாள் அது. ஆட்சிக்கு வந்த பிறகும் மண்டேலா அதை நீக்காமல், பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டது கோழைத்தனம் இல்லையா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பாதிக் கதையைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். படித்த பாதி சரிதான், அதில் தகராறு இல்லை. 1838 பிப்ரவரியில், நிலம் கேட்டுப் பேச வந்த போயர்களின் (டச்சு வழி வந்த வெள்ளைக் குடியேறிகள்) தலைவர் பியட் ரெட்டீஃபையும் அவருடைய ஆட்களையும் ஜூலு அரசர் டிங்கான் கொன்றார். டிசம்பர் 16 அதற்குப் பழி. இன்கோமே ஆற்றங்கரையில் வண்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி வளையமாக நிறுத்தி, உள்ளே இருந்தபடி போயர்கள் துப்பாக்கியாலும் பீரங்கியாலும் சுட்டார்கள். அவர்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை. ஈட்டியும் கேடயமுமாக வந்த ஜூலுக்களில் மூவாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். போயர் தரப்பில் ஒரு சாவும் இல்லை.

ஜெயித்தால் இந்த நாளை வருஷா வருஷம் கடவுளுக்கென்று கொண்டாடுகிறோம் என்று அவர்கள் முன்பே நேர்ந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டோரியாவுக்கு வெளியே குன்றின்மேல் அதற்கொரு பிரம்மாண்டமான கருங்கல் நினைவகம் இருக்கிறது. கூரையில் ஒரு துளை. டிசம்பர் 16 உச்சிவேளையில் அதன் வழியாக இறங்கும் வெயில், கீழே நினைவுக் கல்லில் பொறித்த 'தென்னாப்பிரிக்காவே, உனக்காக நாங்கள்' என்ற ஆஃப்ரிகான்ஸ் மொழி வரியின்மேல் விழும்படி கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த 'நாங்கள்' யார் என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சரி, நீங்கள் விட்டுவிட்ட பாதிக்கு வருவோம். 1961 டிசம்பர் 16 இரவு ஜோகன்னஸ்பர்க், டர்பன், போர்ட் எலிசபெத் நகரங்களில் குண்டுகள் வெடித்தன. வெடித்தது அரசுக் கட்டடங்களிலும் மின் நிலையங்களிலும். வெள்ளையர் ஆட்சியை எதிர்க்க உம்கோன்டோ வே சிஸ்வே என்ற ஆயுதப் படை பிறந்துவிட்டதாகச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதன் முதல் தளபதி நீங்கள் கோழை என்று சொல்லும் அதே மண்டேலா! தேதி தற்செயல் இல்லை, வேண்டுமென்றே பொறுக்கியெடுத்தது.

ஆக, 1994-இல் புதிய விடுமுறைச் சட்டம் எழுத உட்கார்ந்தபோது அந்தத் தேதிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அமைச்சரவையில், அதுவரை ஆண்ட வெள்ளையர் அரசின் கடைசி அதிபர் டி கிளார்க்கின் கட்சியும் இருந்தது. தேதியை எடுத்தால் போயர்களின் வழி வந்த ஆஃப்ரிகானர்கள் கொதிப்பார்கள். பழைய பெயரிலேயே விட்டால் கறுப்பர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நல்லிணக்கம் என்று பெயர் வைத்தார்கள். அதோடு நிற்கவும் இல்லை. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டுட்டு தலைமையில் அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முதல் கூட்டம் 1995-இல் அதே தேதியில்தான் நடந்தது. இன்கோமே ஆற்றின் ஒரு கரையில் 64 வெண்கல வண்டிகள் வளையமாக நிற்கின்றன. மறு கரையில் ஜூலு தரப்புக் கதையைச் சொல்ல 1998 டிசம்பர் 16 அன்று ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள், பிறகு ஓர் அருங்காட்சியகமும் வந்தது. இதற்குப் பெயர் கோழைத்தனம் என்றால் எனக்கு அந்தக் கோழைத்தனம் பிடித்திருக்கிறது.

எதையுமே நீக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நீக்க வேண்டியதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் நீக்கினார்கள். டச்சுக்காரர் வான் ரீபெக் 1652-இல் கேப் கரையில் இறங்கிய ஏப்ரல் 6 போய்விட்டது. வெள்ளையர் குடியரசு பிறந்த மே 31-உம் போயிற்று. டிசம்பர் 16 அளவுக்கு இன்னொருவர் உரிமை கொண்டாடாத நாட்கள் அவை. எடுப்பதில் சிரமம் இருந்திருக்காது.

உங்களுக்குக் கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால் மார்ச் 21 இருக்கிறது. கறுப்பர்கள் எந்நேரமும் பாஸ் புத்தகம் (நடமாட அனுமதிச் சீட்டு) வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, பாஸ் இல்லாமல் வந்திருக்கிறோம், கைது செய்யுங்கள் என்று 1960-இல் ஷார்ப்வில் காவல் நிலையத்தின் முன் கூடியவர்களைப் போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள், பலருக்கு முதுகில் குண்டு. அந்த நாளுக்கு வைத்த பெயர் 'மனித உரிமை நாள்'. எந்த நாட்டுக் காலண்டரிலும் ஒட்டலாம். ஊரின் பெயர் இல்லை, பாஸ் இல்லை, போராட்டத்தை நடத்தியவர்களும் இல்லை. நடத்தியது மண்டேலாவின் கட்சி இல்லை. அதிலிருந்து பிரிந்துபோன ராபர்ட் சோபுக்வேயின் பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ். சோபுக்வேயும் அன்று பாஸ் இல்லாமல் போய்க் கைதானார். மூன்று ஆண்டுத் தண்டனை முடிந்தும் அவரை வெளியே விடக் கூடாது என்பதற்காகவே நாடாளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்து, மேலும் ஆறு ஆண்டுகள் ராபன் தீவுச் சிறையில் அடைத்தார்கள். மண்டேலாவின் கட்சி எங்கள் போராட்டத்தை மழுப்பிவிட்டது, இது ஷார்ப்வில் நாள்தான் என்று அவருடைய கட்சிக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட மண்டேலா ஷார்ப்வில்லுக்குத்தான் போனார், 1996-இல். அதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்தச் சண்டையில் நான் சோபுக்வே கட்சிக்காரர்கள் பக்கம்.